கட்டைகள் நடக்கும் படம்

உயிரில்லாப் பொருள் ஒன்று தானாக நடக்கக் கண்டால் குழந்தையும் முதியவரும் ஒருங்கே வியப்படைவர். பொம்மலாட்ட மேடையில் பாவை நடக்கிறது. ஆனால், அதன் தலைக்குமேல் நூல் உண்டு, நூலின் முனையில் ஒருவருடைய விரல் உண்டு. ஸ்டாப் மோஷன் என்று வழங்கும் படக்கலையிலோ நூலும் இல்லை, விரலும் இல்லை. பாவையை ஓரிடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுக்கின்றனர். அதனை மயிரிழை நகர்த்தி மற்றொரு படம் எடுக்கின்றனர். இவ்வாறு எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை விரைந்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும்போது, காண்பவரின் மனம் இடைவெளிகளைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது, பாவை நடக்கிறது.

இக்கலை ஒரு காலத்தில் படப்பிடிப்பு நிலையங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இன்று ஒரு கையடக்கத் தொலைபேசியும் ஒரு பெட்டி விளையாட்டுக் கட்டைகளும் உள்ள வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதனைத் தொடங்கிவிடலாம். தொடங்குவோர் பலர்; தொடர்வோர் சிலர். முதல் படத்தைப் போட்டுப் பார்த்ததும், காட்சி நடுங்குகிறது, வெளிச்சம் மினுங்குகிறது, மனிதன் நடப்பதற்குப் பதிலாகத் துள்ளுகிறான். 'விலையுயர்ந்த கமரா இல்லை, அதுதான் குறை' என்று எண்ணி ஆர்வமுள்ள பிள்ளை பெட்டியை மூடிவிடுகிறது. குறை அங்கே இல்லை. அசைய வேண்டியதை அசைப்பதில் காட்டும் கவனத்தை, அசையக் கூடாதவற்றை அசையாமல் காப்பதில் காட்டாமையே குறை. இக்கலையில் முன்னேற விரும்புவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

இதன் வரலாறு இந்தப் பாடத்தை நன்கு விளக்கும். இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கே, 1913 ஆம் ஆண்டு 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிடுவதற்கு முன், பட்டாணி விதை ஒன்று முளைத்துச் செடியாவதைப் படமாக்கினார். தொட்டியில் இட்ட விதையின் முன் கமராவை நிறுத்தி, ஒரு மாதத்திற்கு மேலாகச் சிறிது சிறிதாகப் படம் பிடித்துக்கொண்டே வந்தார். ஓட்டிப் பார்த்தபோது விதை வெடித்து, தளிர் எழுந்து, கொடியாக நெளிந்தது. அந்தப் படத்தைக் கண்டே அவருடைய முதல் பெரும் முயற்சிக்குப் பணம் கொடுக்க ஒருவர் முன்வந்தார். பின்னர் அவர் தீக்குச்சிகளை ஆடவைத்தும் ஒரு குறும்படம் எடுத்தார். பட்டாணிப் படத்தில் பால்கே செடியைத் தொடவேயில்லை. அது தானே வளர்ந்தது. அவர் செய்த வேலையெல்லாம் மற்றவை யாவும் இருந்த இடத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டதுதான்.

விளையாட்டுக் கட்டைகள் இக்கலைக்குள் நுழைந்தது பிற்காலத்தில். இன்று உலகெங்கும் வழங்கும் லெகோ கட்டையின் பூட்டமைப்புக்கு டென்மார்க்கில் 1958 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது. 1973 இல் அதே நாட்டைச் சேர்ந்த லார்ஸ் ஹாசிங், ஹென்றிக் ஹாசிங் என்னும் இருவர், சூப்பர் 8 படச்சுருளில், சந்திரனுக்குச் செல்லும் பயணம் ஒன்றைக் கட்டைகளால் எடுத்தனர். கட்டைகளால் ஆன படங்களுள் அறியப்பட்ட மிகப் பழையது அதுவே என்பர். கையும் காலும் அசைக்கக்கூடிய சிறு மனித உருவம் 1978 இல் வந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரைச் சேர்ந்த லின்ட்சி ஃபிளே என்பவர் 1985 இல் தொடங்கி 1989 இல் முடித்த 'மாஜிக் போர்டல்' என்னும் படம், ஒரு தனி மனிதரின் பொறுமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டியது. 2014 இல் வெளிவந்த 'லெகோ மூவி' என்னும் பெரும்படம் கணினியால் ஆக்கப்பட்டது. ஆயினும், அதனைச் செய்த கலைஞர்கள் கட்டைகளின் கீறலையும் விரலடையாளத்தையும் வேண்டுமென்றே வரைந்து, கட்டைகளை எங்கும் வளைக்காமல், கையால் நகர்த்தியது போன்ற தோற்றத்தையே நாடினர். கோடிக்கணக்கில் செலவிட்டவர்களும் வீட்டு மேசையின் அழகையே தேடிச் சென்றனர் என்பது கருதத்தக்கது.

இனி, மேசைக்கு வருவோம். திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஒரு வீட்டில், இரு பிள்ளைகள் ஒரு படம் எடுக்க முனைகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். எதனைப் படமாக்குவது? வாகனங்கள் மோதுவதையும் வீரர்கள் சுடுவதையும் எடுப்பதற்கு உலகில் ஆயிரம் பேர் உள்ளனர். கிண்ணியாவின் பாதையை எடுப்பதற்கு இவர்களை விட்டால் வேறு ஆளில்லை.

பாதை என்பது கிழக்கிலங்கையில் வாகனங்களையும் மனிதரையும் நீர் கடத்தும் மிதவைக்கு வழங்கும் பெயர். திருகோணமலைக்கும் கிண்ணியாவுக்கும் இடையே உள்ள நீர்ப்பரப்பைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் பாதையிலேயே கடந்தனர். 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஏறக்குறைய 400 மீற்றர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டது. அதன் நன்மையை எவரும் மறுக்க மாட்டார். நோயாளியைச் சுமந்து வந்து துறையில் காத்திருந்த இரவுகளை அறிந்தவர்கள் பாலத்தின் அருமையை அறிவர். ஆனால், பாலம் திறந்தபின் பிறந்த பிள்ளைகள் இன்று பெரிய வகுப்புகளில் பயிலுகின்றனர். அவர்கள் அந்தப் பாதையைக் கண்டதில்லை. எந்தக் கமராவைக் கொண்டு சென்றாலும் இனி அதனை அங்கே படம் பிடிக்க இயலாது. கட்டைகளால் கட்டி எழுப்பினால் மட்டுமே அது மீண்டும் ஒருமுறை அக்கரை சேரும். இல்லாமற்போன ஒன்றை அசையச் செய்வதற்கு இக்கலையை விடத் தகுந்த எளிய கருவி வேறில்லை.

ஆகவே பிள்ளைகள் கட்டைகளைத் தொடுமுன் பெரியவர்களிடம் செல்ல வேண்டும். பாதை எவ்வாறு செலுத்தப்பட்டது, அதில் ஒரே முறையில் எத்தனை வாகனங்கள் ஏறின, துறையில் காத்திருந்தவர்கள் எங்கே நின்றனர், என்ன வாங்கி உண்டனர், மழைநாளில் என்ன செய்தனர் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அம்மப்பாவும் அப்பம்மாவும் சொல்லும் கதையில் முரண்பாடு வந்தால் இன்னும் நல்லது. மூன்றாமவர் ஒருவரையும் கேட்க நேரும்.

கதை தேர்ந்தது. அடுத்தது இடம். மேசை ஆடக் கூடாது. காலுக்கு அட்டை மடித்து வைத்தாவது அதனை நிலைப்படுத்த வேண்டும். கட்டைகளைப் பொருத்தும் அடித்தட்டு மேசையோடு நான்கு மூலையிலும் ஒட்டப்பட வேண்டும். தொலைபேசியைக் கையில் பிடித்து எடுப்பது அறவே கூடாது. தாங்கி இல்லையேல் கட்டைகளாலேயே ஒரு கூடு அமைத்து அதனுள் இறுக்கிச் செருகலாம். படமெடுக்கும் ஒவ்வொரு முறையும் திரையைத் தொட்டால் தொலைபேசி சிறிது அசையும். காதுக்கருவியின் ஒலிக்கூட்டும் பொத்தானை அழுத்திப் படமெடுக்கும் வசதி பல தொலைபேசிகளில் உண்டு, அதனைப் பயன்படுத்தலாம். மற்றொரு நுட்பமும் உண்டு. கட்டை மனிதனின் உயரம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர். தொலைபேசியைத் தலைகீழாக நிறுத்தினால் அதன் வில்லை மேசையை ஒட்டி வந்து, அந்தச் சிறிய மனிதனின் கண்மட்டத்தில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் பொம்மை. கண்மட்டத்தில் பார்த்தால் மனிதன்.

இடத்திற்கு அடுத்தது ஒளி. படத்தில் காணும் மினுக்கத்திற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது சூரியன். சாளரத்தின் வழியே வரும் வெயில் மணிக்கு மணி மாறுகிறது. வாடைக்காலத்தில் முகில் கடந்து செல்லும் ஒவ்வொரு கணமும் மாறுகிறது. எனவே சாளரத்தை நன்கு மூடி, ஒரே வகையான இரு மின்விளக்குகளை இருபுறமும் நிறுத்தி, அவற்றின் ஒளியிலேயே எடுக்க வேண்டும். இரண்டாவது தொலைபேசியின் புத்திசாலித்தனம். அது ஒவ்வொரு படத்திற்கும் ஒளியளவையும் நிறத்தையும் குவியத்தையும் தானே மாற்றிக்கொள்கிறது. தனிப்படத்திற்கு அது நன்மை, தொடர்படத்திற்குத் தீமை. இம்மூன்றையும் தொடக்கத்திலேயே பூட்டிவிட வேண்டும். மூன்றாவது மின்சாரம். இலங்கையின் மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை சுழல்வதால், சில விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண் அதை உணராது, கமரா உணரும். திறப்பு நேரத்தை விநாடியின் 50 இல் ஒரு பங்காகவோ 25 இல் ஒரு பங்காகவோ வைத்துக்கொண்டால் ஒவ்வொரு படத்திலும் முழு ஏற்றஇறக்கங்கள் அடங்கி, மினுக்கம் மறையும்.

இவற்றுக்கு மேலாக, படமெடுப்பவரே ஓர் ஒளித்தடையாவார் என்பதையும் மறக்கலாகாது. வெள்ளைச் சட்டை ஒளியைத் திருப்பி வீசும். கருநிற உடையே நன்று. படமெடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். விளக்கின் கீழே கூரை மின்விசிறி சுழன்றால் அதன் நிழல் காட்சியில் வெட்டும், மேசையும் அதிரும். கச்சான் வீசும் மாதங்களில் மின்விசிறியை நிறுத்துவது எளிதன்று. விடியற்காலையில் எடுத்து முடிப்பதே வழி.

அசையாதவை நிலைபெற்ற பின்னரே அசைவைப் பற்றிப் பேச இடமுண்டு. திரையரங்கப் படங்கள் விநாடிக்கு 24 படங்களாக ஓடுகின்றன. கைவினைக் கலைஞர்கள் பலர் விநாடிக்கு 12 தனிப்படங்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் இருமுறை காட்டுகின்றனர். தொடங்குவோருக்கும் 12 போதும். ஒரு நிமிடப் படத்திற்கு 720 படங்கள். ஒரு படத்திற்கு அரை நிமிடம் செலவானால் ஆறு மணிநேர வேலை. இக்கணக்கை முன்னரே அறிந்தவர் நீண்ட கதையை எடுத்துக்கொண்டு பாதியில் கைவிட மாட்டார்.

கட்டைகளின் மேற்புறத்துக் குமிழ்களுக்கிடையே உள்ள தூரம் 8 மில்லிமீற்றர். தொடக்கக்காரர் கட்டை மனிதனை ஒவ்வொரு படத்திற்கும் ஒரு குமிழ் தூரம் நகர்த்துகிறார். விநாடிக்கு 12 குமிழ் என்றால் 96 மில்லிமீற்றர். அதாவது, தன் உயரத்தைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தூரத்தை அவன் ஒரு விநாடியில் கடக்கிறான். உண்மை மனிதன் அவ்வளவு விரைவில் சென்றால் அதற்கு நடை என்று பெயரில்லை. ஓட்டம் என்று பெயர். இயல்பான நடைக்கு ஒரு படத்திற்கு 3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே நகர்த்த வேண்டும். ஆகவே நடக்கும் தரையில் குமிழில்லாத வழுவழுப்பான தட்டுகளைப் பதித்து, சுவரில் படம் ஒட்டப் பயன்படும் மென்பசையைப் பாதத்தின் கீழ்ச் சிறிதளவு வைத்து நகர்த்துவதே முறை. முந்திய படத்தை மங்கலாகக் காட்டி அதன்மேல் புதிய நிலையைக் காட்டும் வசதி தொலைபேசிச் செயலிகளில் உண்டு; எவ்வளவு நகர்ந்தது என்பதை அது உடனே சொல்லிவிடும்.

அளவு சரியானாலும் அசைவு சரியாகிவிடாது. பாரமுள்ள பொருள் நின்ற நிலையிலிருந்து திடீரென விரையாது. விரைந்த நிலையிலிருந்து திடீரென நிற்காது. இதனைக் கற்பதற்குத் திருகோணமலையைப் போன்ற பள்ளி வேறில்லை. இறங்குதுறையில் நின்று படகு ஒன்று புறப்படுவதை ஒருநாள் பார்த்தால் போதும். இயந்திரம் முழங்குகிறது; நீர் கொந்தளிக்கிறது; ஆனால், படகு சிறிது நேரம் அசைவதாகவே தெரிவதில்லை. பின் கைப்பிடி அகலம், ஒரு முழம், ஒரு பாகம் என இடைவெளி அகல்கிறது. உள்துறைமுகத்திற்குள் வரும் பெருங்கப்பலோ கரையை அணுக அணுகத் தயங்குகிறது.

இந்த அறிவை மேசையில் இவ்வாறு பயன்படுத்தலாம். பாதை 60 சென்ரிமீற்றர் தூரத்தைப் பத்து விநாடியில் கடக்க வேண்டும். படங்கள் 120. சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிமீற்றர். அப்படிச் சென்றால் பாதைக்குப் பாரமே இராது, கடதாசிப் படகுபோல் வழுக்கும். அதற்குப் பதிலாக, முதல் 12 படங்களுக்கு ஒவ்வொரு மில்லிமீற்றர், அடுத்த 12 படங்களுக்கு மும்மூன்று, நடுவிலுள்ள 72 படங்களுக்கு ஏழேழு, பின் 12 படங்களுக்கு மும்மூன்று, இறுதி 12 படங்களுக்கு ஒவ்வொன்று. கூட்டிப் பார்த்தால் அதே 600 மில்லிமீற்றர்தான். ஆனால், இப்போது காண்பவர் பாதையின் மேல் நிற்கும் வாகனத்தின் பாரத்தையும் உணர்வார். இடையிடையே இரண்டு, ஐந்து எனப் படிகளைப் பெருக்கினால் இன்னும் மென்மையாகும். இறுதியில் பாதை கரையைத் தொட்டதும் ஒரு விநாடி எதுவும் அசையாதிருக்கட்டும். அந்த ஒரு விநாடியில்தான் 'வந்து சேர்ந்தோம்' என்னும் நிறைவு பிறக்கிறது.

கட்டை மனிதனின் முகம் அச்சிட்டது, வாய் அசையாது. பலர் இதனைப் பெருங்குறையாகக் கருதுகின்றனர். நேயர்கள் பொம்மலாட்டத்தை நினைவுகூர வேண்டும். பாவையின் உதடு அசைவதில்லை. ஆயினும் எந்தப் பாவை பேசுகிறது என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. பேசும் பாவையின் தலையும் கையும் அசைகின்றன. கேட்கும் பாவை அசையாது நிற்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடினால் பேசுபவர் யாரெனத் தெரியாது. இங்கும் அசையாமையே அசைவுக்குப் பொருள் தருகிறது. எட்டுப் பேர் நிற்கும் காட்சியில் ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்தால், காண்போரின் கண் அவரையே நாடும்.

ஒலியைப் பற்றி வானொலி நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. காட்சியே இல்லாமல் ஒரு துறைமுகத்தைக் காதின் வழியே எழுப்பும் ஆற்றல் ஒலிக்கு உண்டு. ஆனால், கட்டைப் படம் எடுப்போர் பலர், படம் முடிந்தபின் எங்கிருந்தோ எடுத்த இசையை அதன்மேல் பூசி அமைகின்றனர். முறை இதற்கு நேர்மாறானது. முதலில் ஒலியைப் பதிவு செய்ய வேண்டும். துறையில் எழும் இயந்திர ஓசை, காகத்தின் கரைதல், அலை மரத்தில் மோதும் சத்தம் ஆகியவை உண்மையான இடத்திலேயே கிடைக்கின்றன. பாதையில் பயணம் செய்த பாட்டனாரின் குரலையும் அவருடைய சொல்லாலேயே பதிவு செய்துகொள்ளலாம். அவர் ஒரு வாக்கியத்தை ஐந்து விநாடியில் சொன்னால் அக்காட்சிக்கு 60 படங்கள் வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். அவர் இடையே நிறுத்தி மூச்சு விடும் இடத்தில் பாவையும் நின்றுவிடும். இவ்வாறு குரலை அளவுகோலாகக் கொண்டு எடுத்த படத்தில், கட்டை மனிதன் பாட்டனாரைப் போலவே நடக்கத் தொடங்குவான்.

இறுதியாக, முடித்த படத்தைத் திருத்தும் வேலை. கை தெரியும் படங்களையும் நிழல் விழுந்த படங்களையும் நீக்க வேண்டும். கட்டை ஒன்று இடையே சரிந்து விழுந்திருந்தால், அந்தக் காட்சியைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் எடுக்கத் தயங்கக் கூடாது. நன்றாக அமைந்த பத்து விநாடி, குறையோடு அமைந்த ஐந்து நிமிடத்தை விட மேலானது. விலையுயர்ந்த கட்டைகள் இல்லை என்பதும் தடையன்று. தீப்பெட்டியாலும் அட்டையாலும் பாதையைச் செய்துகொண்டு, மனிதனை மட்டும் கட்டையில் அமைத்தாலும் காண்போர் குறை காணார். தீக்குச்சியைக் கொண்டே பால்கே ஒரு படம் எடுத்தார் அன்றோ?

பிள்ளைகள் ஆறு மணிநேரம் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு பொருளை மில்லிமீற்றர் கணக்கில் நகர்த்துவதைக் காணும் பெற்றோர் சிலர், காலம் வீணாகிறது என்று கவலையுறுவர். கவலை வேண்டியதில்லை. அளத்தல், கணக்கிடுதல், ஒளியின் இயல்பறிதல், பெரியவர் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டல் ஆகிய அனைத்தும் அந்த மேசையில் ஒருங்கே நிகழ்கின்றன. அதற்கு மேலாக, ஊர் ஒன்று தன் பழைய துறையை மறவாதிருக்க ஒரு வழியும் பிறக்கிறது. பாதையில் பயணம் செய்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனர். அவர்களுடைய நினைவும் தெளிவாக இருக்கிறது. அவர்களிடம் கேட்கக் கூடிய காலம் இதுவே. இந்த விடுமுறையில் ஒரு வீட்டிலாவது, சாளரத்தை மூடி, விளக்கை ஏற்றி, முதல் படத்தை எடுக்கட்டும். எஞ்சியவை 719.